மூன்று பிசானம் பயிர்க் காப்பீடு கட்டியவனின் விமர்சனம்

2025 தீபாவளி முடிந்த வாரம் பேங்கிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. பயிர்க் காப்பீட்டுப் பணம், இரண்டரை ஏக்கருக்கு எட்டாயிரத்துச் சொச்சம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பணம் எந்தப் பிசானத்துக்கு, அதாவது ஐப்பசி கார்த்திகையில் நட்டு மாசி பங்குனியில் அறுக்கிற நெல் போகத்துக்கு, வந்ததோ அந்தப் பிசானத்தில் என் வயலில் ஒரு நஷ்டமும் இல்லை. அதற்கு முந்தின பிசானத்தில் முக்கால் ஏக்கர் தண்ணீரில் மூழ்கி அழுகியது, அப்போது ஒரு பைசா வரவில்லை. அதற்கும் முந்தின வருஷம் நான் பணம் கட்டியும் காப்பீடு கணக்கிலேயே ஏறவில்லை. இப்படி மூன்று வருஷம் மூன்று விதமாக அனுபவித்தவன் என்பதால், இந்த வருஷம் கட்டலாமா வேண்டாமா என்று கேட்கிற எல்லோருக்கும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

எனக்கு ஊர் செங்கோட்டைக்குக் கிழக்கே. எங்கள் தாத்தா காலத்தில் இது திருவிதாங்கூர், 1956 நவம்பர் 1 அன்றுதான் இந்தப் பக்கம் வந்தது. இன்றைக்கும் எங்கள் வைக்கோல் லாரி லாரியாகப் புளியரை தாண்டித்தான் போகிறது, கேரளத்து மாடுகளுக்கு. கார், பிசானம் என்று இரண்டு நெல் போகம். கார் போகத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் குண்டாறு, அடவிநயினார் அணைகளும் இருக்கின்றன, பெரும்பாலும் தண்ணீர்க் கவலை கிடையாது. பிசானம் அப்படியில்லை. புரட்டாசி, ஐப்பசியில் நாற்று விட்டு, கார்த்திகைக்குள் நடுவை முடித்து, மாசி பங்குனியில் அறுக்க வேண்டும். நடுவில் வடகிழக்குப் பருவமழை என்ன செய்யும் என்று குற்றாலநாதருக்குத்தான் வெளிச்சம். அதனால் நான் காப்பீடு கட்டுவது பிசானத்துக்கு மட்டும்.

பொருள் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம், 2016 கார் பருவத்திலிருந்து நடப்பது. விவசாயி கட்ட வேண்டியது கார் பருவத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், பிசானம், சம்பா போன்ற ராபி என்கிற குளிர்காலப் பருவத்துக்கு 1.5 சதவீதம், வாழை, மரவள்ளி போன்ற தோட்டப் பயிர்களுக்கும் வணிகப் பயிர்களுக்கும் 5 சதவீதம். மீதிப் பிரீமியத்தை ஒன்றிய அரசும் மாநில அரசும் போடுகின்றன. ஏக்கருக்கு 35,000 ரூபாய்க்குக் காப்பீடு என்று வைத்துக்கொண்டால் நம் கையிலிருந்து போவது 525 ரூபாய். ஒரு மூட்டை உரமும் இரண்டு டீயும். விலையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, இந்த விலைக்கு இப்படி ஒரு பொருள் வெளியே எங்கேயும் கிடைக்காது.

குறை எங்கே என்றால், நாம் எதை வாங்குகிறோம் என்பதை விற்கிறவர்கள் யாரும் நமக்குச் சொல்வதில்லை. நான் முதல் வருஷம் கட்டும்போது என் வயலுக்குக் காப்பீடு போடுகிறேன் என்றுதான் நினைத்தேன். பைக்குக்கு இன்சூரன்ஸ் போட்டால் என் பைக் இடித்தால் எனக்குப் பணம், அது மாதிரி. இது அப்படியே கிடையாது. இங்கே இன்சூரன்ஸ் ஊருக்கு, அதாவது அறிவிக்கப்பட்ட வருவாய்க் கிராமத்துக்கு. ஊரின் சராசரி மகசூல் குறைந்தால் காப்பீடு கட்டிய எல்லோருக்கும் பணம், என் வயல் நன்றாக இருந்தாலும் சரி. ஊர் சராசரி குறையாவிட்டால் யாருக்கும் கிடையாது, என் வயல் சுடுகாடாகக் கிடந்தாலும் சரி. இந்த ஒரு விஷயத்தை மண்டையில் ஏற்றிக்கொள்ளாமல் கட்டினால் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும். எனக்கு இரண்டு வருஷம் மிஞ்சியது.

முதல் வருஷம், 2022-23 பிசானம். விஏஓவிடம் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்கிற சான்று) வாங்கி, சிட்டா, ஆதார், பாஸ்புக் நகல் எல்லாம் எடுத்துக்கொண்டு ஒரு இ-சேவை மையத்துக்குப் போனேன். கடைசி நாளுக்கு முந்தின நாள். எனக்கு முன்னால் முப்பது பேர், சர்வர் வேறு படுத்துவிட்டது, அந்தப் பையன் காலையிலிருந்து சாப்பிடக்கூட இல்லை. மாலை ஆறு மணிக்கு என் முறை வந்தது, மடமடவென்று தட்டி ரசீது கொடுத்துவிட்டான். நானும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். தை மாதம் சும்மா இணையத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்த்தால் நிராகரிப்பு என்று காட்டுகிறது. என்ன ஏது என்று பார்த்தால், சர்வே எண்ணில் உட்பிரிவு 2பி என்று இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 2 என்று இருக்கிறது, அந்த எண்ணுக்கு உரியவர் வேறொருவர். பிரீமியம் திரும்பி வந்துவிட்டது, அது வேறு விஷயம். நல்லவேளை அந்த வருஷம் ஊரில் யாருக்குமே இழப்பீடு இல்லை. இருந்திருந்தால் அந்தப் பையனை நான் சும்மா விட்டிருக்க மாட்டேன், ஆனால் உள்ளபடி சொன்னால் தப்பில் பாதி என்னுடையது. ஒரு நிமிஷம் நின்று ரசீதைப் படித்திருக்கலாம்.

இப்போது நான் செய்வது இதுதான். ரசீது கைக்கு வந்ததும் அங்கேயே, அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து, கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பயிர், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படிப்பேன். பின்னால் நிற்கிறவர்கள் முனகுவார்கள், முனகட்டும். கிராமத்தின் பெயரைத் தனியாகப் பார்க்க வேண்டும், எங்கள் பக்கம் ஒரே பெயரில் பகுதி ஒன்று, பகுதி இரண்டு என்று வருவாய்க் கிராமங்கள் இருக்கின்றன, மாறிப்போனால் அடுத்த ஊர் சராசரிக்கு நாம் காத்துக் கிடக்க வேண்டியதுதான். பரப்பும் முக்கியம். அடங்கலில் ஒரு ஏக்கர் என்று இருந்து விண்ணப்பத்தில் ஒன்றேகால் என்று போட்டால் பின்னால் சரிபார்க்கும்போது மாட்டும். கால் ஏக்கருக்கு ஆசைப்பட்டு முழுசையும் இழக்காதீர்கள்.

இரண்டாவது வருஷம்தான் கதையே. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் பக்கம் அந்தக் கொடுமை இல்லை, தூத்துக்குடி, ஸ்ரீவைகுண்டம் பட்ட பாட்டில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஆனால் குளம் நிரம்பி மறுகால் போனதில் ஓடை கரையை உடைத்துக்கொண்டு என் கீழ்வயலுக்குள் வந்துவிட்டது. முக்கால் ஏக்கர், நட்டு நாற்பது நாள், தூர் கட்டி நன்றாக நின்ற பயிர். விடிந்து போய்ப் பார்த்தால் வரப்பே தெரியவில்லை. நான்கு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தபோது முழங்கால் அளவு வண்டல், அதற்குள் பயிர் படுத்துக் கிடக்கிறது. அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

வயல் மூழ்கிய அன்றைக்கே காப்பீட்டு நிறுவனத்தின் இலவச எண்ணுக்குப் போன் போட்டிருந்தேன். ஏனென்றால் 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன். மறுமுனையில் பேசிய பெண் பொறுமையாகத்தான் பேசினார். பயிர் என்ன என்றார், நெல் என்றேன். பாதிப்பு என்ன என்றார், தண்ணீர் மூழ்கடித்துவிட்டது என்றேன். நெல்லுக்கு நீர் தேங்கிய பாதிப்பைத் தனி வயல் கணக்கில் எடுக்க முடியாது சார் என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. வேர்க்கடலை மூழ்கினால் எடுப்பீர்களா என்றேன். எடுப்போம் என்றார். மறுநாள் வேளாண்மை அலுவலகத்தில் கேட்டபோது அங்கே இருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, நெல்லு தண்ணியில நிக்கிற பயிருல்லா, அதான்" என்றார். தண்ணீரில் நிற்கிற பயிர்தான், தண்ணீருக்கு அடியில் நிற்கிற பயிர் இல்லையே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு விதிகளைத் தேடிப் படித்ததில் தெரிந்தது. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளம் சூழ்தல், மேக வெடிப்பு, மின்னலால் பற்றும் தீ ஆகிய சில ஆபத்துகளுக்கு மட்டும் ஊர் சராசரியைப் பார்க்காமல் தனி வயலைப் பார்த்து இழப்பீடு கொடுக்க வழி உண்டு. அந்த 72 மணி நேரக் கணக்கு இதற்குத்தான். ஆனால் 2018இல் திட்ட விதிகளைத் திருத்தியபோது, நெல், கரும்பு, சணல் போன்ற நீர் விரும்பும் பயிர்களுக்கு வெள்ளம் சூழ்தலை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் பருவமழையில் நெல்லுக்கு வருகிற முதல் ஆபத்தே அதுதான், அதையே எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஆலங்கட்டியை நான் என் வாழ்நாளில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

சரி, ஊர் சராசரியாவது குறையுமா என்று காத்திருந்தேன். குறையவில்லை. என்னைப் போல ஓடைக்கரையில் இருந்த ஏழெட்டுப் பேருக்குத்தான் அடி, மேட்டு வயல்கள் எல்லாம் அந்த வருஷம் அமோகம். அறுவடைப் பரிசோதனைக்கு ஆட்கள் வந்தபோது வேண்டுமென்றே போய் நின்று பார்த்தேன். எல்லோரும் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய காட்சி அது, விவசாயி போய் நிற்பதற்குத் தடை எதுவும் கிடையாது. ஊரின் சர்வே எண்களிலிருந்து குலுக்கல் மாதிரி சில வயல்களை எடுப்பார்கள், ஒரு கிராமத்துக்குக் குறைந்தது நான்கு. அந்த வயலிலும் குலுக்கல் மாதிரியே ஒரு இடத்தைத் தேர்ந்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அந்தச் சதுரத்துக்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். அந்த 25 சதுர மீட்டரில் ஒரு கிலோ கூடினாலோ குறைந்தாலோ ஹெக்டேருக்கு 400 கிலோ கணக்கில் ஏறும், இறங்கும். அவ்வளவு சின்ன இடத்தில்தான் ஊர் முழுவதற்குமான பணம் நிற்கிறது. அன்றைக்குத் தராசில் பதின்மூன்று கிலோவும் சில்லறையும் காட்டியது. வயல்காரர் முகத்தில் பெருமை. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, அவர் நெல் நன்றாக விளைந்ததற்கு நான் வருத்தப்பட்டுக்கொண்டு நிற்கிறேன்.

கணக்கு இப்படி. ஊரின் கடந்த ஏழு வருஷ மகசூலில் நல்ல ஐந்து வருஷத்தை எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். அதில் 70, 80 அல்லது 90 சதவீதம், எது என்பது அந்தப் பகுதிக்கு அரசு அறிவித்திருப்பதைப் பொறுத்தது. அதுதான் உத்தரவாத மகசூல். உதாரணத்துக்கு அது ஹெக்டேருக்கு 4,000 கிலோ என்று வையுங்கள். இந்த வருஷப் பரிசோதனையில் 3,200 வந்தால் குறைவு ஐந்தில் ஒரு பங்கு. அப்போது 35,000 ரூபாய் காப்பீட்டில் ஏக்கருக்கு 7,000. பரிசோதனையில் 4,000 வந்துவிட்டால் ஒன்றும் இல்லை, கதை முடிந்தது.

மூன்றாவது வருஷம் நான் கட்டவே போவதில்லை என்று இருந்தேன். வீட்டில்தான் சண்டை போட்டுக் கட்ட வைத்தாள், "ரெண்டு வருசம் கட்டுன ரூவாயை நெனச்சு அழுததுக்கு மூணாவது வருசமும் அழுதுட்டுப் போங்க" என்று. அந்த மார்கழியில் பனி கொட்டியது. ராத்திரி குளிர், விடியும் வரை இலையில் ஈரம், யூரியாவைக் கொஞ்சம் தாராளமாக அள்ளிப் போட்டவர்கள் வயலில் குலைநோய் புகுந்துவிட்டது. இலையில் கண் மாதிரிப் புள்ளி விழுந்ததைப் பார்த்ததும் நான் பயந்துபோய்க் கதிர் வெளிவருவதற்கு முன்னால் ஒருமுறையும் பின்னால் ஒருமுறையும் மருந்து அடித்தேன், தப்பித்தேன். ஊரில் பாதி வயலில் கதிரின் கழுத்து கறுத்து, மணி பிடிக்காமல் வெளேரென்று சாவியாக நின்றது. தூரத்தில் இருந்து பார்த்தால் முற்றிய நெல் மாதிரி தெரியும், கிட்டே போய்க் கையில் பிடித்தால் காற்று.

நோய், பூச்சி, வறட்சி, வெள்ளம் எது காரணமாக இருந்தாலும் ஊர் சராசரி குறைந்தால் இந்தத் திட்டம் பணம் கொடுக்கும், அங்கே காரணம் கேட்பதில்லை. இது இதன் பெரிய பலம், சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் சராசரி உத்தரவாத மகசூலுக்குக் கீழே போனது, அந்தப் பணம்தான் இந்தத் தீபாவளி வாரம் வந்தது. பங்குனியில் அறுத்த நெல்லுக்கு ஐப்பசியில் பணம், ஏழு மாதம். அடுத்த பிசானத்துக்கு நாற்றே விட்டாகிவிட்டது அதற்குள். இதை நம்பி யாரும் கடன் தவணை வைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு மாமா, மூன்று ஏக்கரும் குலைநோயில் போனவர், காப்பீடே கட்டவில்லை. நல்லது நடந்த எனக்கு எட்டாயிரம், கெட்டது நடந்த அவருக்குப் பூஜ்யம். அவரைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

மற்றச் சலுகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கு அனுபவம் இல்லாதவை. மழை இல்லாமலோ அதிகமாகியோ ஊரில் முக்கால்வாசிப் பரப்புக்கு மேல் விதைக்கவே முடியாமல் போனால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கொடுத்துவிட்டுப் பாலிசியை முடித்துவிடுவார்கள். பயிர் நடுவில் இருக்கும்போதே பெரிய இயற்கைச் சீற்றம் வந்து மகசூல் பாதிக்கும் கீழே போகும் என்று தெரிந்தால் முன்பணமாக ஒரு பகுதி. அறுத்து வயலில் காயப்போட்ட நெல் 14 நாளுக்குள் புயல் மழையிலோ பருவம் தப்பிய மழையிலோ நனைந்தால் அதற்குத் தனியாக உண்டு. ஆனால் இப்போது எல்லோரும் மிஷின் அறுப்புதான், அறுத்த கையோடு நெல் களத்துக்கு வந்துவிடுகிறது. களத்தில் குவித்து வைத்திருக்கும்போது நனைந்தால் அது இதில் வராது.

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 கார் பருவத்திலிருந்து கடன் வாங்கியவர்களுக்கும் காப்பீடு கட்டாயம் இல்லை. வேண்டாம் என்றால் கடைசித் தேதிக்கு ஏழு நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் சங்கத்திலேயே பிடித்துக் கட்டிவிடுவார்கள். பிடித்துவிட்டார்களா இல்லையா என்று கேட்காமல் நாமும் போய் இ-சேவையில் ஒருமுறை கட்டினால் ஒரே வயலுக்கு இரண்டு பதிவு ஆகிவிடும், பிறகு எது நிற்கும் எது ரத்தாகும் என்று அலைய வேண்டும். சங்கத்தில் பிடித்திருந்தாலும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பாட்டத்துக்கும் (குத்தகை) வாரத்துக்கும் (விளைச்சலில் பங்கு) பயிர் செய்கிறவர்களும் சேரலாம் என்றுதான் விதி இருக்கிறது, நடைமுறையில் அடங்கலில் பயிர் செய்பவர் பெயர் ஏறினால்தான் காரியம் நடக்கும். நிலத்துக்காரர் சம்மதிப்பாரா என்பது அவரவர் ஊர் அரசியல். நடுவைக்கு முன்னாலேயே பேசிவிடுவது நல்லது, கெடு நெருங்கிய பிறகு பேசினால் அவர் மெட்ராஸில் மகள் வீட்டில் இருப்பார்.

இனி பன்றி விஷயம். செங்கோட்டையிலிருந்து மேற்கே பார்த்தால் மலைதான். மேக்கரை, வடகரைப் பக்கம் யானை இறங்கும், எங்கள் ஊருக்குப் பன்றி. ஒரு கூட்டம் ராத்திரி இறங்கினால் பால் பிடித்த நெல்லில் அரை ஏக்கரை மிதித்துத் தின்றுவிட்டுத்தான் போகும். சேலை கட்டிப் பார்த்தாயிற்று, கம்பியில் பாட்டில் கட்டிப் பார்த்தாயிற்று, முடிதிருத்தும் கடையிலிருந்து முடி வாங்கி வரப்பில் போட்டும் பார்த்தாயிற்று. பாலக்காட்டுச் சித்தூரில் இருக்கிற என் பெரியம்மா மகன் கேரள அரசு 1995இலிருந்து தனியாக நடத்துகிற பயிர்க் காப்பீட்டில் இருக்கிறான். அதில் கிருஷி பவன் என்கிற வேளாண் அலுவலகத்து அதிகாரி வந்து அவன் வயலையே பார்த்து எழுதிக்கொண்டு போவார், காட்டு விலங்குச் சேதமும் அதில் உண்டு. ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் இதைச் சொல்லி என்னைக் கடுப்பேற்றுவான்.

இப்போது அவனுக்குப் பதில் சொல்ல எனக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது. 2025 நவம்பர் 18ஆம் தேதி ஒன்றிய வேளாண் அமைச்சகம் அறிவித்தது: காட்டு விலங்குச் சேதத்தைத் தனி வயல் இழப்பீட்டில் சேர்க்கிறார்கள், நெல் மூழ்குவதையும் மறுபடி அதே பட்டியலுக்குக் கொண்டுவருகிறார்கள். செய்தியைப் படித்ததும் முதலில் நினைவுக்கு வந்தது என் கீழ்வயல்தான், அந்தப் போன்கால்தான். ஆனால் எல்லாம் 2026 கார் பருவத்திலிருந்து. 2025-26 பிசானத்துக்கு இல்லை. இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் டீக்கடையில் இப்போதே பன்றி தின்றால் பணம் வருமாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். எந்த விலங்குகள், எந்த மாவட்டங்கள் என்று மாநில அரசு அறிவிக்க வேண்டும், நம் மாவட்டம் அதில் வந்தால்தான் நமக்கு. வந்தாலும் 72 மணி நேரத்துக்குள் செயலியில், இடக்குறியோடு எடுத்த படத்துடன் பதிவு செய்ய வேண்டும். அதனால் இப்போதே அந்தப் பயிர்க் காப்பீட்டுச் செயலியைப் போனில் இறக்கி ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள், லொக்கேஷனை ஆன் பண்ணி வயலில் நின்று ஒரு படம் எடுத்துப் பழகிக்கொள்ளுங்கள். 14447 என்ற உதவி எண்ணையும் சேமித்து வையுங்கள். சம்பவம் நடந்த அன்றைக்குப் பாஸ்வேர்டு மறந்துவிட்டது, பையன் காலேஜிலிருந்து வரட்டும் என்று இருந்தால் 72 மணி நேரம் போயே போய்விடும்.

இந்தக் காப்பீட்டின் குணம் தெரிந்த பிறகு என் பிசானத் திட்டத்தையே கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். ஊர் முழுக்கக் கெட்டால் காப்பீடு பார்த்துக்கொள்ளும், என் வயல் மட்டும் கெட்டால் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே என் வயலுக்கு மட்டும் வரக்கூடியது எது என்று உட்கார்ந்து யோசித்தேன். ஒன்று ஓடை. கீழ்வயலை இந்த வருஷம் கடைசியாக நடுகிறேன், கார்த்திகை மழை ஒரு சுற்று முடிந்த பிறகு. மார்கழி மழை வந்தாலும் வரும், ஆனால் நாற்று இளசாக இருக்கும்போது போனால் மறுபடி நட நாளும் இருக்கும், செலவும் குறைவு. அதற்காகவே நாற்றங்காலில் கால்வாசி நாற்றைக் கூடுதலாக விட்டு வைத்திருக்கிறேன். ஓடை உடைத்த இடத்தில் பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து இரண்டு லோடு மண் அடித்துக் கரை போட்டாயிற்று, தலைக்கு வந்த செலவு மூன்று வருஷப் பிரீமியத்தை விடக் கொஞ்சம்தான் அதிகம். இன்னொன்று, மூன்று ஆண்டாக எல்லா வயலுக்கும் ஒரே ரகம் போட்டுக்கொண்டிருந்தேன், இப்போது மேல்வயலுக்கு அம்பை 16, கீழ்வயலுக்கு வேறு என்று பிரித்துவிட்டேன். ஒரே வாரத்தில் எல்லாம் பூக்காமல் இருந்தால் ஒரே பனியில் எல்லாம் மாட்டாது. யூரியாவைப் பற்றி இப்போது வீட்டில் நானே பிரசங்கம் பண்ணுகிறேன்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உழவு, நாற்று, நடுவைக் கூலி, உரம், மருந்து, அறுப்பு மிஷின் எல்லாம் சேர்ந்து எனக்கு ஏக்கருக்கு முப்பதாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. காப்பீட்டுத் தொகை கிட்டத்தட்ட அந்தச் செலவுக்குத்தான் ஈடு, விளைந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய லாபத்துக்கு இல்லை. அதிலும் முழுத் தொகை வர வேண்டுமென்றால் ஊரே தரிசாக வேண்டும். அப்படி ஒரு நாளை யாரும் வேண்டிக்கொள்ளப் போவதில்லை.

ஆக, மதிப்பெண் போடச் சொன்னால்: விலைக்கு ஐந்துக்கு ஐந்து. பதிவு செய்யும் அனுபவத்துக்கு இரண்டு, அதுவும் கூட்டமில்லாத நாளில் போனால். பணம் வரும் வேகத்துக்கு ஒன்றரை. விளக்கிச் சொல்வதற்கு ஒன்றுமே கொடுக்க மாட்டேன், மூன்று வருஷத்தில் இது ஊர் சராசரிக்கான காப்பீடு என்று என்னிடம் வாயைத் திறந்து சொன்ன ஒரு ஆள் இல்லை, நானாகத் தேடிப் படித்ததுதான். யாருக்கு ஒத்துவரும் என்றால், ஊரின் பெரும்பாலான வயல்கள் மாதிரியே வயல் இருக்கிறவர்களுக்கு. ஊரெல்லாம் மேடு, உங்கள் வயல் மட்டும் பள்ளம் என்றால் இப்போதைக்கு இதிலிருந்து அதிகம் எதிர்பார்க்காதீர்கள், 2026 கார் பருவத்தில் புதிய விதி வரும் வரை.

நான் இந்த வருஷமும் கட்டிவிட்டேன், கெடு முடிய இன்னும் நாள் இருக்கும்போதே. டெல்டா பக்கம் கேட்கிற தேதியும் நம் மாவட்டத் தேதியும் ஒன்றாக இருக்காது, செய்தித்தாளில் எந்த ஊருக்கான அறிவிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இ-சேவை மையத்துக்கேதான் போனேன், அந்தப் பையன்தான் இருந்தான். என்னைப் பார்த்ததும் அவனே ரசீதைத் திருப்பி வைத்து, உட்பிரிவு 2பி என்கிற இடத்தில் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டிவிட்டுச் சிரித்தான். பக்கத்தில் அந்த மாமா அடங்கலோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.